நீங்கள் இடம் மாற்றிய ஃபில்டர்

அண்ணா,

இன்று காலை கம்ப்ரஸர் டேங்கின் அடியிலுள்ள திருகைத் திறந்தேன். துருநிறத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. ஒரு டம்ளர் இருக்கும். நேற்று முழுக்கக் குன்னூரில் மூடுபனி. காற்றோடு சேர்த்து அந்த ஈரத்தையும் இயந்திரம் இழுத்து வைத்திருந்தது. கையில் தெறித்ததைத் துடைக்கும்போது உங்கள் முகம் நினைவுக்கு வந்தது. நீங்கள் போய் ஒரு வருடமும் சில வாரங்களும் ஆகின்றன. உங்களிடம் சொல்ல வேண்டியதில் பாதியை நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றபின் கார் ஷெட்டைத் தச்சுப் பட்டறையாக்கியது உங்கள் யோசனை. நீங்கள் ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்தவர். அவர் எஸ்டேட் ஆபீசில் பேனா பிடித்தவர். கருவி விஷயத்தில் உங்கள் சொல்லுக்கு அவரிடம் மறுபேச்சு கிடையாது. வார்னிஷ் அடிக்கும் ஸ்ப்ரே கன்னுக்குக் கம்ப்ரஸரிலிருந்து போகும் காற்றில் தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டரை எங்கே மாட்டுவது என்று கேட்டார்.

"டேங்க் வாயிலயே மாட்டுங்க தம்பி. பொறக்கற எடத்துலயே புடிச்சுப் போடோணும்," என்றீர்கள். அவர் கையிலிருந்த ஸ்பானரை வாங்கி நீங்களே முடுக்கினீர்கள். நான் காபித் தட்டோடு வாசலில் நின்றிருந்தேன்.

அவருடைய முதல் பெரிய வேலை நம் கோயிலின் பிரசங்க பீடம். நல்ல தேக்கு. மூன்று வாரம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஜூலை மழை. ஸ்ப்ரே கன்னிலிருந்து வார்னிஷோடு தண்ணீர்த் துளிகளும் தெறித்தன. காய்ந்தபோது முகப்பு முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். மறுபடி தேய்த்தார், மறுபடி அடித்தார், மறுபடி குழிகள். பீடத்தை அர்ப்பணிக்கும் ஞாயிறு வந்துவிட்டதால் அப்படியே கொண்டுபோனோம்.

ஆராதனை முடிந்து எல்லோரும் முற்றத்தில் நிற்கையில், கமிட்டி செயலாளரான நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். "கை நடுங்கற ஆளுகிட்டக் குடுத்தது நம்ம தப்புங்க. சாயங்காலமானா அந்தக் கைக்கு வேற சோலி இருக்குமாட்ட இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காதவருக்கு, சபையே பார்க்கக் குடிகாரப் பட்டம். அவர் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு "போலாமா?" என்றார்.

அன்றே ஷெட்டைப் பூட்டினார். கோயிலுக்கு வருவதைக் குறைத்தார். வந்தாலும் கடைசி பெஞ்சு. அதற்குப்பின் வந்த இரண்டாவது மழைக்காலத்தில் இறந்துபோனார். பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவர்களில் நீங்களும் ஒருவர்.

அவருடைய முதல் வருட நினைவு ஆராதனைக்கு அழைக்க அருவங்காட்டில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் பின்புற ஷெட்டில் இருந்தீர்கள். கம்ப்ரஸரிலிருந்து புறப்பட்ட பைப் சுவரில் மேலே ஏறி, மெல்லச் சாய்ந்து, அறையைச் சுற்றி ஓடியது. முன்பு எங்களுடையதைப் போலவே டேங்க் வாயில் இருந்த ஃபில்டர், இப்போது கடைசி முனையில், ஸ்ப்ரே கன்னுக்குப் பக்கத்தில் இருந்தது.

"இது ஏனுங்க இங்க இருக்குது?"

"சூட்டுக் காத்துல தண்ணி ஆவியா இருக்குமுங்க, புடிபடாது. பைப்புல ஓடி ஆறோணும். அதுக்கப்பறம் புடிச்சாத்தான்..." பாதியில் நிறுத்தினீர்கள்.

"எப்பங்க மாத்துனீங்க?"

"அது ஆச்சுங்க ரொம்ப நாளு. இப்ப எதுக்கு அதெல்லாம். டீ குடிக்கறீங்களா?"

குடிக்காமல் வந்தேன். வீட்டில் கெட்டிலைக் கொதிக்க வைத்துப் பார்த்தேன். மூக்கின் வாயில் எதுவும் தெரியவில்லை. இரண்டு விரல் தள்ளித்தான் வெண்புகை. அதற்கும் அப்பால் ஒரு தட்டைக் காட்டினால் தண்ணீர் சொட்டுகிறது. கான்வென்ட்டில் ஒரு சிஸ்டர் இதை எனக்குச் செய்தே காட்டியிருக்கிறார். நீங்கள் முடுக்கியபோது இது என் நினைவுக்கு வரவில்லையே என்று என்மீதும் எனக்குக் கோபம் உண்டு. அதை உங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

ஷெட்டைத் திறந்தேன். பிளம்பரை வைத்துச் சுவரோடு பைப் ஏற்றி, ஃபில்டரைக் கடைசி முனைக்குக் கொண்டுபோனேன். பழைய பலகைகளில் ஒரு வருடம் பழகினேன். பிறகு ஆயரிடம் போய்ப் பீடத்தை மறுபடி வார்னிஷ் அடிக்கக் கேட்டேன். கெட்டுப்போனால் புதிது செய்து தருவதாகச் சொன்னேன். அதே ஜூலை மழை, அதே கன், அதே வார்னிஷ். முகம் பார்க்கலாம் போல வந்தது.

நீங்கள் அதை விரலால் தடவிப் பார்த்தீர்கள். "நல்லா வந்திருக்குதுங்க."

"அவரு கை நடுங்கலீன்னு அதே கோயில் முத்தத்துல நின்னு சொல்லுங்க," என்றேன்.

பீடத்திலிருந்து விரலை எடுத்துவிட்டு, "வர்ற ஞாயித்துக்கெழம சொல்றனுங்க," என்றீர்கள்.

வியாழக்கிழமை இறந்தீர்கள். எல்லோரும் அழுதார்கள். தப்பித்துவிட்டீர்களே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் முதல் வருட நினைவுக் கூட்டத்தில், குடும்ப நண்பர் என்று உங்கள் மகன் என்னிடம் மைக்கைக் கொடுத்தான். நான் குரல் உயர்த்தவில்லை. ஃபில்டரை மாட்டியது யார், சூடான காற்று தண்ணீரை எப்படிக் கடத்திக்கொண்டு போகும், முற்றத்தில் சொன்னது என்ன என்று வரிசையாகச் சொன்னேன். மகன் மைக்கை வாங்க எழுந்து வந்தான்.

"இருடா, அவ பேசட்டும்," என்றார் அண்ணி, முதல் வரிசையிலிருந்து. பிறகு என்னைப் பார்த்து, மைக் இல்லாமலே சொன்னார். "அம்மிணி, எங்கூட்டுப் பைப்ப மாத்தறப்ப ஏணியப் புடிச்சது நாந்தான். பீடம் வெச்சு ஒரு வாரந்தான் இருக்கும். தம்பிகிட்டப் போயிச் சொல்லுங்கன்னேன். சொன்னா என்னையப் பாத்துச் சிரிப்பாங்கன்னுட்டாரு."

ஒரே வாரத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதன்பின் இரண்டு வருடம், கடைசி பெஞ்சில் அவர் குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே காணிக்கைத் தட்டை நீட்டியிருக்கிறீர்கள்.

அன்று ஒவ்வொருவராக என்னிடம் வந்து, "அவரு கை சுத்தமான கைங்க," என்றார்கள். என் காதுக்கு இதமாகத்தான் இருந்தது. கேட்க வேண்டிய காது கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது, உங்களுக்கு நாலு வரிசை தள்ளி.

ஞாயிறுதோறும் எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தில், பிறர் செய்த தப்பை மன்னிப்பதாக ஒரு வரி வருகிறது. அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொள்கிறேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை. அண்ணி இப்போது என் பக்கத்தில்தான் உட்காருகிறார். போன வாரம் அந்த வரியில் காது கொடுத்துக் கேட்டேன். அவர் குரலும் வரவில்லை.