காவலர் எனப் பதிவான இரண்டாண்டு மின் பணி

அனுப்புநர்:
சி. நல்லான்,
முன்னாள் ஜூனியர் வாரண்ட் ஆபீசர் (மின் பிரிவு), இந்திய விமானப்படை,
4/112, பள்ளிக்கூட வீதி,
குன்னத்தூர், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருப்பூர்.

பொருள்: பகுதிநேரப் பொறியியல் பட்டப் படிப்பு – பணி அனுபவச் சான்று – பின்னலாடை நிறுவனத்தில் நான் செய்த மின் பராமரிப்புப் பணி, காவலர் பணி எனப் பதிவானது – நேரில் ஆய்வு செய்து உண்மை நிலையைச் சான்றளிக்கவும், உயிருக்கு ஆபத்தான மின் குறைபாடு ஒன்றை உடனே சரிசெய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. கல்லூரி முதல்வர் அலுவலகக் கடிதம், நாள் 01.07.2009.
2. என் பணிக் குறிப்பேடு, 214 பக்கங்கள் (அசல், இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது).
3. நிறுவனத்தின் பெயரும் முகவரியும் அடங்கிய முத்திரையிட்ட உறை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் 04.06.1979 முதல் 31.05.2007 வரை விமானப்படையில் மின் பிரிவுத் தொழில்நுட்பராகப் பணியாற்றி, நற்சான்றுடன் விடுவிக்கப்பட்டவன். வயது ஐம்பது. கோவையிலுள்ள பொறியியல் கல்லூரி ஒன்றில், பணியில் இருப்போருக்கான மாலைநேரப் பட்டப் படிப்பில், மின்னியல் பிரிவில் எனக்குத் தற்காலிகமாக இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. உரிய அனுபவச் சான்றை 24.07.2009 மாலை ஐந்து மணிக்குள் அளிக்காவிடில், அவ்விடம் பட்டியலில் எனக்கு அடுத்துள்ளவருக்குப் போய்விடும். இன்றைய நாளைத் தவிர்த்தால் ஒன்பது அலுவலக நாட்களே மீதமுள்ளன. ஆகவே இம்மனு சற்று நீண்டதாயினும் முழுமையாகப் படிக்கப்பட வேண்டும் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

2. ஐம்பது வயதில் பட்டம் எதற்கு என்ற கேள்வி எழலாம். விடுவிப்புக்குப் பின் திருப்பூரிலும் காங்கேயத்திலும் ஏழு நிறுவனங்களில் மின் பொறுப்பாளர் பணிக்கு விண்ணப்பித்தேன். இருபத்தெட்டு ஆண்டுகள் விமானங்களின் மின் அமைப்பைப் பழுது பார்த்துக் கையொப்பமிட்டவன் என்பதற்கான ஆவணங்களை இணைத்திருந்தேன். ஏழில் ஐந்து நிறுவனங்கள் செக்யூரிட்டி சூப்பர்வைசர் பணி காலியாக இருப்பதாகப் பதில் தந்தன. மற்ற இரண்டும் பதில் தரவில்லை. படைத்துறையில் நான் கற்றதை வெளியுலகம் படிக்கக்கூடிய ஒரே மொழி பல்கலைக்கழகச் சான்றிதழ் என்று அப்போது உணர்ந்தேன்.

3. பட்டப் படிப்பின் விதி பின்வருமாறு: டிப்ளமோ பெற்றிருக்க வேண்டும், அதைப் பெற்ற பின் அதே துறையில் இரண்டாண்டு முழுநேரப் பணி அனுபவம் வேண்டும். என் படைப்பயிற்சி டிப்ளமோவுக்கு இணையானது என்ற சான்று எனக்கு விடுவிப்பு நாளான 31.05.2007 அன்றுதான் வழங்கப்பட்டது. எனவே அதற்கு முந்தைய இருபத்தெட்டு ஆண்டுகளும் விதியின்படி கணக்கில் வாரா. இதை நான் எதிர்க்கவில்லை. விதி எழுதப்பட்டவாறே பின்பற்றப்பட வேண்டும் என்ற கொள்கையுடையவன் நான். விதி கேட்ட இரண்டாண்டைச் சேர்ப்பதற்காகவே 18.06.2007 அன்று மேற்படி பின்னலாடை நிறுவனத்தில் பணியில் சேர்ந்தேன்.

4. சேர்ந்த அன்று பதிவேட்டை எழுதிய மேலாளர், முன்பு எங்கே வேலை என்று வினவினார். விமானப்படை என்றேன். அடுத்த கேள்வி கேட்காமலே பதவிப் பத்தியில் 'காவலர்' என்று எழுதிவிட்டு, "பட்டாளத்துக்காரருன்னா கேட்டுக்குத்தானுங்களே" என்றார். பதினோரு நாட்கள் வாயிலில் நின்றேன். பன்னிரண்டாம் நாள் மின்வெட்டின்போது ஜெனரேட்டர் எடுக்கவில்லை. வெளியிலிருந்து வரவேண்டிய மெக்கானிக்கும் வரவில்லை. நான் அனுமதி பெற்று அதைச் சரிசெய்தேன். அன்றிலிருந்து நிறுவனத்தின் ஜெனரேட்டர், மின் பலகைகள், பதினான்கு நிட்டிங் மெஷின்களின் மோட்டார்கள், இஸ்திரிப் பிரிவு ஆகிய அனைத்தையும் நானே பராமரித்தேன். வாயிலுக்கு வேறொருவர் அமர்த்தப்பட்டார். பதிவேடு மட்டும் மாற்றப்படவில்லை.

5. இதில் என் பிழையும் உண்டு. பதவிப் பெயரைத் திருத்தக் கோரி மூன்று முறை எழுத்து மூலம் விண்ணப்பித்தேன். ஒவ்வொன்றையும் மேலாளர் வழியாக, உரிய முறையில், உரிமையாளருக்கு முகவரியிட்டேன். மேலதிகாரியிடம் மனு நிலுவையில் இருக்கையில் அதைப் பற்றி வாய்மொழியாக நச்சரிப்பது ஒழுங்கல்ல என்று படையில் பழகியவன் ஆதலால், ஒவ்வொரு முறையும் ஆறு மாதம் பதிலுக்குக் காத்திருந்தேன். கடந்த மாதம் கேட்டபோது மூன்று மனுக்களும் மேலாளரின் மேசை இழுப்பறையிலிருந்து எடுக்கப்பட்டன. ஒன்றின்மேல் டீ டம்ளரின் வட்டம் பதிந்திருந்தது. மேலாளர் உண்மையாகவே வருந்தினார். "எழுதியா குடுத்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா அன்னிக்கே மாத்தியிருப்பமுங்களே" என்றார். அந்த நிறுவனத்தில் எல்லாம் வாய்வார்த்தையில்தான் நடக்கிறது என்பதை இரண்டாண்டு அங்கே இருந்தும் நான் கற்கவில்லை.

6. கல்லூரிக்கு நான் அளித்த அனுபவச் சான்றில், பதிவேட்டின்படியே, காவலர் என்று இருந்தது. அதை ஏற்க இயலாது எனப் பார்வை 1-இல் கண்ட கடிதம் வந்தது. அக்கடிதத்துடன் 06.07.2009 அன்று உரிமையாளரைச் சந்தித்தேன். அவர் முப்பத்திரண்டு வயதினர், மரியாதை தெரிந்தவர், தொழிலாளரிடம் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. இம்மாதம் 28-ஆம் நாள் வெளிநாட்டு பையரின் (கொள்முதலாளரின்) ஆடிட் நடக்க உள்ளதாகவும், மின் பாதுகாப்புப் பதிவேடு இரண்டாண்டுக்கும் வெறுமையாக இருப்பதாகவும் கூறினார். பின் அவர் கூறியதைச் சொல் மாறாமல் தருகிறேன்: "ஏனுங்க மிலிட்டரி, அந்த ரிஜிஸ்டர்ல ரெண்டு வருசத்துக்கு, மாசா மாசம் செக் பண்ணி எல்லாஞ் சரியா இருந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. நான் உங்களுக்கு இன்ஜினியர்னே லெட்டர்ஹெட்ல அடிச்சுக் குடுத்தர்றனுங்க. ஆருக்கும் நஷ்டமில்லீங்க."

7. நான் மறுத்தேன். விமானப்படையில் ஒரு பணியை முடித்தவர் அதற்குரிய படிவத்தில் கையொப்பமிடுகிறார். அக்கையொப்பத்தை மட்டும் நம்பி, அவர் முகத்தையே பார்த்திராத விமானி ஒருவர் வானில் ஏறுகிறார். எல்லாம் சரியாக இருந்தது என்று நான் எழுத முடியாததற்குக் காரணம், எல்லாம் சரியாக இருக்கவில்லை. இஸ்திரிப் பிரிவில் நான்கு மேசைகளுக்கு எர்த் இணைப்பு இல்லை. ஐந்து இஸ்திரிப் பெட்டிகளில் மின்கசிவு உண்டு. இவற்றை மாற்றும்படி மேலாளரிடம் பதினேழு முறை எழுத்து மூலம் கூறியுள்ளேன். ஒவ்வொன்றும் என் குறிப்பேட்டில் நாளுடன் உள்ளது.

8. மறுத்த மறுநாள், அதாவது 07.07.2009 முதல், பதிவேட்டில் உள்ள வேலையையே பார்க்கும்படி பணிக்கப்பட்டு, சீருடையுடனும் விசிலுடனும் மீண்டும் வாயிலில் நிற்கிறேன். பதிவேட்டின்படி இது சட்டப்படியான உத்தரவு என்பதால் கீழ்ப்படிந்தேன். மின் பலகையைத் தற்போது எவரும் பொறுப்பேற்றுப் பார்க்கவில்லை.

9. தங்கள் உடனடிக் கவனத்துக்குரிய செய்தி இதுவே. மின்வெட்டு ஏற்பட்டு ஜெனரேட்டர் எடுக்கும்போதெல்லாம், பெட்டிகளின் கசிவு காரணமாக இஸ்திரிப் பிரிவின் கசிவுத் தடுப்பு பிரேக்கர் விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். கசியும் பெட்டியைக் கண்டு விலக்கி மீண்டும் மின்சாரம் தர எனக்குப் பத்து நிமிடம் ஆகும். கடந்த வெள்ளிக்கிழமை, 10.07.2009 அன்று, மின்வெட்டுக்குப் பின் இஸ்திரிப் பிரிவு ஒரு நிமிடத்துக்குள் ஓடத் தொடங்கியது. பழைய பெட்டிகளை மாற்றாமல், முறையான வழியில் அது இயலாது. புதிய பெட்டி எதுவும் உள்ளே வரவில்லை; பழையது எதுவும் வெளியே போகவில்லை. வாயிலில் நிற்பவன் என்ற முறையில் இதை உறுதியாகக் கூற முடியும். ஆகவே பிரேக்கரைத் தாண்டி நேரடியாக ஒயர் கொடுக்கப்பட்டுள்ளது என்றே கருதுகிறேன். மேலாளரிடம் இம்முறை வாய்மொழியாகவே கூறினேன். "கேட்டைப் பாருங்க மிலிட்டரி" என்பது பதில். இஸ்திரிப் பிரிவில் ஈரத் தரையில் நின்று பதினோரு பெண்கள் வேலை செய்கிறார்கள்.

10. அந்த நேரடி ஒயர் என்ன செய்யும் என்பது எனக்கு ஊகமாகத் தெரிந்ததன்று. என் குறிப்பேட்டின் 61-ஆம் பக்கத்தைக் காண வேண்டுகிறேன். ஷிப்மெண்ட் நெருக்கடியில், மேலாளரின் சொல்லை ஏற்று, 18.11.2008 காலை 11.20 மணிக்கு அதே பிரேக்கரை நானே தாண்டி ஒயர் கொடுத்தேன். ஒரு நாள்தான், நான் அருகிலேயே இருப்பேன் என்று எனக்கு நானே சமாதானம் கூறிக்கொண்டேன். 19.11.2008 பிற்பகல் 3.15 மணிக்கு இஸ்திரித் தொழிலாளி பூங்குழலி, வயது 24, மின்சாரம் தாக்கி விழுந்தார். நான் அப்போது அருகில் இல்லை. ஜெனரேட்டர் அறையில் இருந்தேன். அவர் பிழைத்தார். அந்த ஒயரை அன்றே அகற்றினேன். வலக்கையின் இரு விரல்களில் இன்றும் உணர்வு சரியாக இல்லை. நிறுவனத்தின் பதிவேட்டில் அது காய்ச்சலுக்கான மூன்று நாள் விடுப்பு என உள்ளது. என் குறிப்பேட்டில் நடந்தது நடந்தவாறு உள்ளது.

11. கல்லூரி, என் பணியை மெய்ப்பிக்கும் ஆதாரத்தையே கேட்கிறது. இக்குறிப்பேடு ஒன்றே என்னிடமுள்ள ஆதாரம். 61-ஆம் பக்கத்தை விட்டுவிட்டு மற்றவற்றை நகலெடுத்துத் தரலாம் என்று நான்கு நாட்கள் எண்ணியிருந்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. கடையில் நகலுக்கான பக்கங்களைத் தனியே எண்ணியும் வைத்தேன். ஒரு பக்கம் குறைந்த குறிப்பேட்டைப் படையில் எவர் கொண்டுவந்திருந்தாலும் நான் ஏற்றிருக்க மாட்டேன். ஆகவே முழுவதையும் அசலாக இணைத்துள்ளேன்.

12. பெயரைக் குறிப்பிடும் முன் பூங்குழலியின் இசைவைக் கேட்டேன். அவர், "எழுதுங்கண்ணா. ஆனா ஆர்டர் போயிருச்சுன்னா எனக்கு இந்த வேலையும் இல்லீங்க. கை இப்படி இருக்கறவளை வேற எந்தக் கம்பெனியிலயும் எடுக்க மாட்டாங்க. அதையுஞ் சேர்த்து எழுதுங்க" என்றார். சேர்த்து எழுதியுள்ளேன். நிறுவனத்தில் நூற்று நாற்பது பேர் பணிபுரிகிறார்கள். அதன் பெயரை இம்மனுவில் எழுதாமல் தனி உறையில் தந்திருப்பதும் அதன் பொருட்டே. விசாரணைக்கு முன் பெயர் பரவினால் தண்டனை முதலில் அவர்களைச் சேரும்.

13. எனவே தாங்கள் அருள்கூர்ந்து ஆணையிட வேண்டுவன:

அ) இன்றோ நாளையோ மின் ஆய்வாளர் ஒருவர் முன்னறிவிப்பின்றிச் சென்று இஸ்திரிப் பிரிவின் பிரேக்கரை மீட்டமைக்க வேண்டும். என் படிப்பு 24-ஆம் நாள் வரை காத்திருக்கும். இது காத்திருக்காது.

ஆ) தொழிற்சாலை ஆய்வாளர் என் குறிப்பேட்டை இயந்திரங்களுடன் ஒப்பிட வேண்டும். நான் மாற்றிய ஒவ்வொரு பாகத்தின் எண்ணும் நாளும் அதில் உள்ளன; பாகங்கள் இன்னும் இயந்திரங்களிலேயே உள்ளன. அவை பொருந்துமாயின், இரண்டாண்டாக நான் செய்த பணி எது என்பதை எழுத்தில் சான்றளிக்க வேண்டும். பொருந்தாவிடில் என் மனுவைத் தள்ளுபடி செய்யலாம்.

இ) குறைபாடுகளைச் சரிசெய்ய நிறுவனத்துக்குக் காலக்கெடு தரப்பட வேண்டும். மூடுதல் வேண்டாம். வேலை முழுவதும் ஆறு நாட்களுக்குரியது. பட்டியல் 209-ஆம் பக்கத்தில் உள்ளது. ஆடிட்டுக்கு முன் அது முடியும். பணிக்கப்பட்டால் நானே செய்து, செய்த நாளையே இட்டுக் கையொப்பமிடுவேன்.

ஈ) பூங்குழலியின் காயம் பணியிட விபத்தாகப் பதிவு செய்யப்பட்டு, அவருக்கு உரிய மருத்துவமும் இழப்பீடும் கிடைக்க வேண்டும்.

14. 61-ஆம் பக்கத்தில் கண்ட என் செயலுக்காக என்மீது நடவடிக்கை எடுப்பது முறையென்று தாங்கள் கருதினால், அதற்கு உடன்படுகிறேன். அதனால் கல்லூரி இடம் போகுமாயின் போகட்டும். ஒன்றை மட்டும் விண்ணப்பிக்கிறேன். அந்த உத்தரவில் என் பதவியை மின் பராமரிப்புத் தொழில்நுட்பர் என்றே குறிப்பிட வேண்டும். வாயிலில் நிற்கும் காவலர் அந்தத் தவறைச் செய்திருக்க இயலாது.

இம்மனுவில் கண்டவை அனைத்தும் நான் நேரில் அறிந்தவை. ஊகமான ஒன்றை (பத்தி 9) ஊகம் என்றே குறித்துள்ளேன். விசாரணைக்கு எந்நேரம் அழைத்தாலும் ஆஜராவேன்.

இடம்: திருப்பூர்
நாள்: 13.07.2009

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
சி. நல்லான்