சீப்புப்பூ வந்து சேராத காரணம்

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அப்பா வழக்கம்போல் கைக்கடிகாரங்களின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் உலகத்தைப் பார்க்கிறார். உங்கள் வலது தோள் இன்னும் இறுகிப் பிடிக்கிறதா? சலவைக்கூடத்தில் இஸ்திரி வேலையை வேறு யாருக்காவது மாற்றித் தரச் சொல்லிக் கேட்கும்படி அப்பா எழுதச் சொன்னார்.

தோள்வலிக்குக் கஷாயம் வைக்க நீங்கள் கேட்ட சீப்புப்பூவை அனுப்ப முடியவில்லை. தப்பு என்னுடையது. முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் மலையிலிருந்து கொண்டுவந்து விட்டுப்போன சீப்புப்பூ விதைகளை ஈர மணலில் கலந்து, மலைக்குளிர் பட்டால்தான் முளைக்கும் என்பதால் மூன்று மாதம் ஃப்ரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். "பொண்ணு டப்பாவுக்குள்ள பனிக்காலம் வளக்கிறா" என்று அப்பா கேலி செய்தார். நாற்பது விதையில் ஒன்றுதான் பிழைத்தது. இந்த மூன்றாம் வருடம் அது பூக்க வேண்டும்.

தொட்டியில் ஒரு பிடி புல்விதையும் தூவச் சொல்லியிருந்தீர்கள். அழகுக்காக என்று நினைத்துவிட்டேன். களை பயிரின் சாப்பாட்டைத் திருடும் என்று நூலகப் புத்தகத்தில் படித்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து புல்லை ஒன்றுவிடாமல் பிடுங்கினேன். மூன்றாம் நாள் செடி தலை தொங்கிவிட்டது. மண்ணை விலக்கி, அப்பாவின் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தேன். அத்தை, அதன் வேரெங்கும் கடுகைவிடச் சின்ன வெள்ளை முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சும் அறுந்த புல்வேர் ஒன்றைக் கவ்விக்கொண்டிருந்தது. திருடி புல் இல்லை, நம்முடைய சீப்புப்பூதான்! பச்சை இலையை வைத்துக்கொண்டு தானும் சமைக்கும், பக்கத்து வீட்டுக் குழாயிலும் தண்ணீர் பிடிக்கும்.

பதறிப்போய், பள்ளிச் சுவரோரம் செழிப்பாக நின்ற மஞ்சள் பூச்செடி ஒன்றை வேரோடு கொண்டுவந்து பக்கத்தில் நட்டேன். ஒன்றரை மாதத்தில் செடி நிமிர்ந்து, சிவப்புக் கதிர் கதிராகப் பூத்தது. வீட்டுக்குள் அப்படி ஒரு சிவப்பை நான் பார்த்ததே இல்லை. அப்பா பூவை நறுக்கி, நிழலில் உலர்த்தி, ஒரு கடிகாரப் பெட்டியில் அடைத்து, உங்கள் முகவரியையும் எழுதிவிட்டார்.

அவர் அதைத் தபாலில் போடப்போன அன்று, பெருமை தாங்காமல் ஒரு கதிரையும், கூடவே மஞ்சள் செடியின் கிளையையும் அறிவியல் டீச்சரிடம் காட்டி, வேர் முடிச்சுகளையும் உங்கள் கஷாயத்தையும் பற்றிச் சொன்னேன். கிளையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "இதத் தின்னா மாடே ஈரல் கெட்டுச் செத்துடும்டி. பக்கத்துச் செடியோட விஷம் வேர் வழியா பூவுக்கும் வந்துடும். யாராச்சும் குடிச்சீங்களா?" என்று கேட்டார். நேரே தபால் நிலையத்துக்கு ஓடினேன். அப்பா வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றிருந்தார். பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். "எங்க அக்காவுக்கு, என் கையால..." என்று ஆரம்பித்தார். என்னைத் திட்டவில்லை. வீடு வரும்வரை என் கையை மட்டும் விடவில்லை.

பூவை ஆழமாகப் புதைத்துவிட்டோம். விதைக்காக இரண்டு கதிரை மட்டும் செடியிலேயே விட்டிருக்கிறேன். அவ்வளவு விஷத்தை உள்ளே வைத்துக்கொண்டும் அது ஒரு வாட்டமும் இல்லாமல் நிற்கிறது. பயமாகவும் இருக்கிறது, கும்பிடவும் தோன்றுகிறது. இந்த விதையைப் புல்லோடு மட்டும் விதைப்பேன். ஆனால் பூக்க இன்னும் மூன்று வருடம் ஆகும்.

அத்தனை நாள் உங்கள் தோள் காத்திருக்கக் கூடாது, அத்தை. தயவுசெய்து டாக்டரிடம் காட்டுங்கள். லீவு கிடைத்தால் இங்கே வந்துவிடுங்கள், அப்பாவின் கட்டிலை உங்களுக்காக ஜன்னலோரம் போட்டாயிற்று. என்மேல் கோபமென்றால், இடது கையாலாவது ஒரு வரி திட்டி எழுதுங்கள். எழுத்து எவ்வளவு கோணலாக இருந்தாலும் படித்துக்கொள்வேன்.

நீங்கள் நன்றாயிருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,
உங்கள் மருமகள்