ரேவாய் வீட்டில் பெண் கேட்ட லேப்டாப்

முத்தாரே,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் முசெகிவாவுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே நன்றாகத் தூங்கி எழுந்திருந்தால் நாங்களும் இங்கே நன்றாகத் தூங்கி எழுந்தோம் என்று வைத்துக்கொள். நீ தூங்கியிருக்க மாட்டாய் என்பது எனக்குத் தெரியும். சனிக்கிழமையிலிருந்து நீ அடிக்கிற அடியில் என் ஃபோன் சூடாகவே கிடக்கிறது, நானும் ஒவ்வொரு தடவையும் எடுத்து மழையைப் பற்றியும் மாம்பழ விலையைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். ரேவாய் என்னப்பா சொன்னா என்று நீ கேட்பதும், இந்த வருஷம் மாம்பழத்தில் புழு ஜாஸ்திடா என்று நான் சொல்வதும், இதைக் கேட்டு உன் அம்மா அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதும், வீடு கலகலப்பாகத்தான் இருக்கிறது. கோபப்படாதே. அவள் சொன்ன பதிலை ஃபோனில் சொல்லக்கூடாது, கம்ப்யூட்டரில் அனுப்பக்கூடாது, தாளில் எழுதி ஆள் கையில் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று அவளுடைய அத்தை எஸ்நாத் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ரேவாய் உன் அழைப்பை எடுக்காததற்கும் அதுதான் காரணம். நம் தெரு நர்ஸ் பெண் ஒருத்தி உங்கள் போலந்துக்கு வேலைக்கு வருகிறாள், அவள் பையில் இது வருகிறது. பதில் கடைசியில்தான் இருக்கிறது. முதலிலேயே தாளைத் திருப்பிப் பார்த்தாயோ, நீ என் பிள்ளை இல்லை.

இங்கே எல்லாரும் சுகம். உன் அம்மாவின் முழங்கால் மழை வருவதை ரேடியோக்காரனுக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. வண்டியில் மூன்றாவது கியர் விழமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது, இரண்டிலிருந்து நேரே நாலுக்குத் தாவுகிறேன், சபைப்பக்கமே போகாதவர்கள்கூட என் வண்டியில் ஜெபம் செய்துகொண்டு வருகிறார்கள். கரண்ட் வருகிறது, வந்த வேகத்தில் போகிறது. நீ சட்ஸாக் களி கிடைக்காத ஊரில் உருளைக்கிழங்கைத் தின்று இளைத்துப்போயிருக்கிறாய் என்று உன் அம்மா சொல்கிறாள், போன படத்தில் உன் கழுத்து கோழிக் கழுத்து மாதிரி இருந்தது, நேரத்துக்குச் சாப்பிடு.

உன் படிப்பைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், வாய் அரிக்கிறது. வேலை கேட்கப் போன இடத்தில் ஒருத்தன் உன்னிடம், உனக்கு நெட்வொர்க் மேலாகத்தான் தெரிகிறது, அடியில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை என்று சொன்னானாம். ரோஷம் வந்து, அடியில் இருக்கிற அந்த அடுக்கு முழுவதையும் என் கையாலேயே சி மொழியில் எழுதிக் கற்றுக்கொள்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டாய். வண்டி ஸ்டாண்டில் இதைப் பெருமையாகச் சொன்னேன். ஏனோக் என்ன கேட்டான் தெரியுமா, "ஏண்ணே, நெட்வொர்க்குதான் ஏற்கெனவே இருக்கே, சகுப்வா முழுக்க அதுலதானே சண்டை வீடியோ பாக்குது, உன் மவன் எதுக்கு இன்னொண்ணு செய்யறான்?" என்றான். சிகாங்காவுக்குச் சவாரி கேட்டு ஆட்கள் நிற்கும்போது நான் ரப்பர் மரத்தில் பால் எடுத்து டயர் செய்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினால் என்னைச் சும்மா விடுவார்களா?

நீ எனக்குப் பொறுமையாக விளக்கியதை மறக்கவில்லை. சொல்ல வேண்டியதைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் எண் போட வேண்டும், மேல்தட்டுக்காரன் அதைக் கீழ்த்தட்டுக்காரனிடம் கொடுப்பான், அவன் தன் பங்குக்கு ஒரு உறை போடுவான், அவனுக்கும் கீழே இருப்பவன் இன்னொரு உறை போடுவான், கடைசியில் உள்ளே இருப்பது ஒரு வணக்கம், வெளியே இருப்பது ஊர்ப்பயண மூட்டை. அந்தப் பக்கம் போனதும் ஒவ்வொருத்தனாக உறையைக் கழற்றி, வந்து சேர்ந்தது என்று பதில் அனுப்ப வேண்டும், அந்தப் பதில் வராவிட்டால் இங்கிருந்து மறுபடியும் அனுப்ப வேண்டும். பக்கத்தில் இருந்த உன் அம்மா, "இது நாம பொண்ணு கேக்கற மொறைதானே, பையன் தூதன்கிட்ட சொல்லி, தூதன் அத்தைகிட்ட சொல்லி, அத்தை அப்பன்கிட்ட சொல்லி" என்றாள். அவள் அதைச் சொல்லியிருக்கவே கூடாது. அப்போதுதான் உனக்குக் கொம்பு முளைத்தது. ஏனோக் தூதனாகப் போய்த் தரையில் உட்கார்ந்து கைதட்டிக் கேட்டால் மட்டும் போதாது, உன் சொல் நீயே எழுதிய அடுக்கு வழியாக வந்து ரேவாயின் அப்பா முன்னால் எழுத்தாக விழ வேண்டும், ஏனோக் அதை வாசிக்க வேண்டும் என்றாய். கணக்கு டீச்சரான ரேவாய் முன்னால் கெட்டிக்காரத்தனம் காட்ட ஆசை, மறுக்காதே. நானும் தலையாட்டினேன், ஏனென்றால் என் மகன் செய்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசை. நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பில் அதை ஏற்றி, துணியில் சுற்றி, ஏனோக்கையும் ஏற்றிக்கொண்டு ரேவாய் வீடு இருக்கிற சிமுன்யாவுக்கு வண்டியை விட்டேன்.

பையனின் அப்பன் அந்த வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்பதால் வண்டியை ரோட்டில் விட்டுவிட்டு, திறந்த வாசல் வழியாக உள்ளே தெரிகிற மாதிரி வேலிக்குப் பின்னால் போய் நின்றேன். நிற்கவும் கூடாதுதான். ஏனோக் வாசலிலேயே செருப்பைக் கழற்றி, தவழாத குறையாக உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, அவர்கள் வாய் திறப்பதற்கான காணிக்கைப் பணத்தைத் தட்டில் வைத்து, லேப்டாப்பைத் திறந்து வைத்தான். இரண்டு கையாலும் தட்ட வேண்டிய இடத்தில் ஒரு கையால் தொடையில் தட்டினான், இன்னொரு கை சரிகிற லேப்டாப்பைப் பிடித்திருந்தது, அதற்கே முதல் அபராதம். பிறகு உன் வரி வந்து விழுந்தது. உங்கள் அடுப்பில் கொஞ்சம் நெருப்புக் கேட்டு வந்திருக்கிறோம் என்று, பெண் கேட்கிற முறைச் சொல்லை ஏனோக் வாசித்தான், நல்ல குரலில், எனக்கே கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு பெண் வீட்டார் பேசாமல் இருப்பார்கள், வேண்டுமென்றேதான் இருப்பார்கள், கேட்டவன் வாயை மூடிக்கொண்டு தலைகுனிந்து காத்திருக்க வேண்டும். உன் லேப்டாப்புக்கு அந்த மரியாதையை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அதே வரி மறுபடியும் வந்து விழுந்தது. தூதன் தனக்கு வந்த சொல்லை விழுங்கக்கூடாது, பாவம் ஏனோக், மறுபடியும் வாசித்தான். எஸ்நாத் அத்தை, "கேட்டது காதுல விழுந்துச்சு தூதரய்யா, எங்க வீட்டுல யாரும் செவிடு இல்ல" என்று சொல்லி ஒரு கோழி அபராதம் போட்டாள். அது அடங்குவதற்குள் இன்னொரு தடவை வந்தது. "ஒரு பொண்ணத்தானே கேக்கறீங்க, இல்ல வீட்டுல இருக்கற பொண்ணுங்க எல்லாரையும் வரிசையா கேக்கறீங்களா?" என்றாள். மறுபடியும் வந்தது. ரேவாயின் அப்பா, "இது என் சம்சாரத்துக்கா?" என்று கேட்டார். அதற்கும் அடுத்தது வந்தபோது எஸ்நாத் அத்தை தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, "அப்போ இது எனக்குத்தான், புருஷன் போயி இத்தனை வருஷம் கழிச்சு ஒருத்தன் கேட்டிருக்கான், யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். எத்தனை தடவை வந்தது என்று நான் எண்ணவில்லை, அவள் எண்ணியிருக்கிறாள், கவலைப்படாதே. நான் தொப்பியைக் கடித்துக்கொண்டு வேலிக்குப் பின்னால் குலுங்கிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் நீ மூக்கால் அழுதுகொண்டு ஃபோனில் காரணம் சொன்னாய். மேசையில் இரண்டு லேப்டாப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் சோதித்தாயாம், அங்கே பதில் உடனே வந்துவிடுமாம், அதனால் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை ரொம்பக் குறைவாக வைத்துவிட்டாயாம், சிமுன்யாவில் சிக்னல் மலையேறி வருவதற்குள் உன் அடுக்கு பொறுமை இழந்து திரும்பத் திரும்ப அனுப்பிவிட்டதாம். ஒருதரம் வந்ததே மறுபடியும் வந்தால் தள்ளிவிடுகிற வேலையை இந்தப் பக்கத்துக்கு இன்னும் எழுதவில்லையாம். அதாவது கேட்கிற வாயைச் செய்துவிட்டாய், காத்திருக்கிற மூளையைச் செய்யவில்லை. அடியிலிருந்து கற்றுக்கொள்கிறேன் என்றாயே, அடியில் இருப்பதே அதுதானேடா. உனக்கு முசெகிவா என்று, ஊர் சிரிக்கிற பிள்ளை என்று, நான் பெயர் வைத்தது விளையாட்டுக்கு, நீ அதை இவ்வளவு சிரத்தையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆனால் பிறகு நடந்ததில் என் சிரிப்பு நின்றுவிட்டது. ரேவாயின் அப்பா தட்டைக் கையில் எடுத்தார். எடுத்து ஏனோக் பக்கம் நீட்டினால் முடிந்தது, நீ அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. "என் பொண்ணு காத்துக் கெடக்கறா, இவன் காகிதத்துல கப்பல் விடற மாதிரி பொட்டியில சொல்ல விட்டுட்டு வெளையாடறான்" என்றார். என்னை ஏதோ பூச்சி கடித்தது, நான் தட்டிவிடவில்லை. எஸ்நாத் அத்தைதான், "திருப்பிக் குடுக்கறதுன்னா அவளே குடுக்கட்டும், கூப்பிடுங்க" என்றாள்.

ரேவாய் வந்து மண்டியிட்டாள். பச்சைச் சட்டை, தலையில் துணி, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்பா கேட்டார், "இவங்கள உனக்குத் தெரியுமா?" என்று. அவள் வாயைத் திறக்கும்போது லேப்டாப்பில் உன் வரி இன்னொரு தடவை விழுந்தது. ஏனோக் வாசிப்பதா வேண்டாமா என்று அவளைப் பார்த்தான். அவள் கையை நீட்டி அதன் மூடியை மெதுவாகச் சாத்தினாள். அதற்குத்தான் எஸ்நாத் அத்தை, "பதிலுக்குப் பொறுக்காதவனுக்குப் பதில் மெதுவாவே போய்ச் சேரட்டும்" என்று தாளும் பேனாவும் தீர்ப்புச் சொன்னது.

சரி, சொல்லிவிடுகிறேன். "தெரியும்பா" என்றாள். பிறகு தட்டிலிருந்து ஒரே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டாள், எல்லாவற்றிலும் சின்னதை. மிச்சத்தை அப்படியே துணி போட்டு மூடிவிட்டாள். "இது ஆளு தெரியும்கறதுக்கு. மிச்சத்தை இன்னைக்கு எடுக்க மாட்டேன், திருப்பியும் குடுக்க மாட்டேன். அவரு நேர்ல வரட்டும். இதே எடத்துல உக்காந்து ஒரே ஒரு தடவை கேக்கட்டும். கேட்டுட்டு, நான் பேசற வரைக்கும் சும்மா இருக்கட்டும், ரெண்டு நாளானாலும் சரி. இருந்தாருன்னா எடுத்துக்கறேன்" என்றாள். அவள் அப்பா தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

ஆகவே மகனே, அந்த அடுக்கை எழுதி முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று என்னிடம் சொல்லாதே, அது என்றைக்கும் முடிகிற வேலை இல்லை என்று நீயே ஒருதரம் சொன்னாய். லீவு கேள், கொடுக்காவிட்டாலும் கேட்டுவிட்டு வா. எஸ்நாத் அத்தைக்குத் தடிமனான போர்வை ஒன்று வாங்கிவா, அபராதத்தில் அது இருக்கிறது. அங்கே போய் உட்காரும்போது உன் வாயிலிருந்து இரண்டாவது தடவை ஒரு சொல் வந்தது என்று வேலிக்குப் பின்னால் நிற்கிற நான் கேட்டேன் என்றால், உள்ளே வந்து எல்லார் முன்னாலும் உன் முதுகில் ஒன்று வைப்பேன், முறையாவது மண்ணாவது. சோகோ குலத்துப் பெரியவர்கள் உனக்குத் துணை இருக்கட்டும், விமானத்துக்கும் துணை இருக்கட்டும். உன் அம்மா உன் நெற்றியில் கை வைத்ததாக எழுதச் சொன்னாள், வைத்ததாக நினைத்துக்கொள்.

உன் அப்பா,
சகுப்வா – சிகாங்கா வண்டிக்காரன்.