புதுக் கதவின் அடியில் ஈரம்

அன்புள்ள உனக்கு,

நலம்தானே? அம்மாவின் இருமல் நின்றதா? எனக்கொரு குறையுமில்லை.

நான் மாட்டிய வாசல்கதவின் அடியில் மழைநீர் புகுந்து ஒரு வீட்டின் மரத்தரை உப்பிவிட்டது. வீட்டுக்கார அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கதவைக் கழற்றி, ஈரம் ஏறாத தாளை அடியில் விரித்து, இடுக்கெல்லாம் பசையால் அடைத்து, மறுபடி மாட்டினேன். வெளியே நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன்.

"ஒரு சொட்டுகூட வரலப்பா," என்று அந்த வீட்டுக்கார அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தார். பிறகு கதவைத் திறந்து, "தொப்பலா நனைஞ்சுட்டியே, உள்ள வந்து உக்காரு," என்றார்.

வேலைக்காக இந்த ஊருக்கு வந்தபின் ஒரு வீட்டுக்குள் விருந்தாளியாக நுழைந்தது அன்றுதான். உட்காரத் தோன்றாமல் நின்றபடியே டீ குடித்தேன்.

நம் பின்கதவின் அடி இடைவெளியை அளந்து எழுது. ரப்பர் பட்டை வாங்கிவைக்கிறேன். பாப்பாவே அளக்கட்டும். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, வந்து நானே அளந்துகொள்கிறேன்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது.

உன்னவன்