அப்பாவின் தப்புக்கு ஒரு பெட்டி

திகன,
திங்கட்கிழமை

என் அன்பு அப்பாவுக்கு, கோகிலா கும்பிட்டு எழுதுவது. அம்மாவின் கால் வீக்கம் வற்றியதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் போனுக்கு லைன் கிடைக்கவில்லை, இதைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

நீங்கள் லண்டன் நிகழ்ச்சிக்குக் கொண்டுபோகும் தப்பு மேளத்துக்குப் பெட்டி செய்துவிட்டேன்! நீங்கள் நூலில் அளந்து அனுப்பிய அளவுக்கே வட்டமாக, உள்ளே தடித்த ஸ்பொஞ்சும் சிவப்பு வெல்வெட்டும் வைத்து. மாடியிலிருந்து கீழே போட்டுப் பார்த்தோம், ஒரு கீறல்கூட இல்லை.

எங்கள் பை தைக்கும் பட்டறை முதலாளி நஸ்ருதீன் நானா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குச்சிக்குப் பள்ளம் சரி. இந்தச் சின்னப் பள்ளம் எதுக்கு புள்ள?" என்றார்.

"நெருப்புப்பெட்டிக்கு நானா. தோல தீயில காய்ச்சாம அடிச்சா தப்புல சத்தமே வராதே."

"நெருப்புப்பெட்டிய பிளேன்ல ஏத்த உடுவாங்களா?"

அவர் சிரித்த சிரிப்பில் தையல் மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. எனக்கு அது தோன்றவே இல்லை அப்பா. நெருப்புப்பெட்டி இல்லாமல் நீங்கள் தப்பைத் தூக்கி நான் பார்த்ததில்லையே. அங்கே எதில் காய்ச்சுவது என்று இப்போதே கேட்டுவையுங்கள்.

வெள்ளிக்கிழமை ஏர்போட்டுக்குப் போகும்போது உங்கள் வான் வண்டியைப் பேராதனைச் சந்தியில் ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். பெட்டியோடு நிற்பேன். அம்மா சுட்ட ரொட்டி இரண்டு கொண்டுவாருங்கள், இங்கே கடை ரொட்டி காகிதம் மாதிரி. நெருப்புப்பெட்டியும் பழைய பேப்பரும் நான் கொண்டுவருகிறேன். பெட்டியில் வைப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை காய்ச்சி அடியுங்கள் அப்பா.

நானா கூப்பிடுகிறார்.

உங்கள் கோகிலா