கங்காணிக்கு உன் குரல்

அலமாரிக்குள் உட்கார்ந்துகொண்டு கத்திய என் அருமை அண்ணன் முகிலனுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டு ஆரம்பித்தேன். அப்புறம் அழித்துவிட்டேன். அதைப் படித்தால் நீ அங்கிருந்தே சிரிப்பாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் கேம் வருகிற வெள்ளிக்கிழமை வெளியாகிறது. நீ போய் ஏழு மாதம் முடிந்துவிட்டது. நான்கு நாளாக எனக்கு வேறு நினைப்பே இல்லை.

இந்தக் கடிதத்தைக் கேமின் பக்கத்தில் போடப்போவதாகத் தினேஷ் அண்ணன் சொல்லியிருக்கிறார். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்களாம். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

பகலில் அலோர் காஜாவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பாய். வேலை முடிந்து புலாவ் செபாங் வீட்டுக்கு வந்ததும் பின்னறையில் அடைந்துகொள்வாய். ஐந்து வருடம் இப்படியே ஓடியது. கம்பெனி என்று ஒன்றும் கிடையாது. நீயும் தினேஷ் அண்ணனும் மட்டும்தான். நீ கதை எழுதிப் படம் வரைந்தாய். அவர் அதைக் கணினிக்குப் புரியும்படி எழுதினார். பேர் வைப்பதற்கே ஒரு வருடம் சண்டை போட்டீர்கள். கடைசியில் நீ சொன்ன பேர்தான் நின்றது: 'கடைசி நிரை'.

யாருமில்லாத ஒரு ரப்பர் தோட்டம். பால் வெட்டும் கத்தியோடு ஒரு பெண் உள்ளே நுழைகிறாள். காணாமல்போன தன் ஜனங்களைத் தேடி, எதிரே வருகிறதையெல்லாம் அடித்து, அடிக்க அடிக்கப் பலம் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு நிரையாக மரங்களைக் கடந்து போகிறாள். பெரட்டுக் களத்தில், அதுதான் விடிகாலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பார்களே அந்த இடத்தில், ஒரு கங்காணி நிற்கிறான். அவனை வீழ்த்தினால்தான் மீதிக் கதை. அந்தக் கங்காணிக்குக் குரல் கொடுத்தது நீ.

அந்த நாளை எப்படி மறப்பேன்? எதிரொலி வரக்கூடாதென்று அம்மாவின் புடவை அலமாரிக்குள் மைக்கோடு புகுந்துகொண்டாய். சத்தம் விழுமென்று வீட்டில் எல்லா ஃபேனையும் நிறுத்தச் சொன்னாய். ஒரு மணி நேரம் கத்தோ கத்தென்று கத்திவிட்டு வெளியே வந்தபோது மழையில் நனைந்தவன் மாதிரி இருந்தாய். பக்கத்து வீட்டு ராணி அக்கா வேலியோரம் வந்து, "என்னா ஷாமி, யாருகூட சண்டை? போலீஸக் கூப்பிடவா?" என்றார். "உள்ள ஒரு கங்காணி இருக்காருக்கா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்புறம் அந்தக் காய்ச்சல். டெங்கி என்றார்கள். ஐந்தே நாள். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை, அண்ணா.

போன மாதம் தினேஷ் அண்ணன் ஒரு முன்னோட்டம் விட்டார். கங்காணி தலைகாட்டி, "பெரட்டுக்கு நேரமாச்சு!" என்று ஒரே ஒரு தடவை கத்துவதோடு அது முடிந்துவிடும். எங்கெங்கோ இருக்கிறவர்கள் உன் கேமுக்காகக் காத்திருக்கிறார்கள், தெரியுமா? நாள் எண்ணுகிறார்கள். இந்த மழையைப் பார்த்தால் எனக்கே நனைகிற மாதிரி இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் பத்து தடவை படித்தேன். அதற்குக் கீழேயே வேறொருவன், கங்காணி குரலைக் கேட்டால் பயமே வரவில்லை, மளிகைக்கடை அங்கிள் திட்டுகிற மாதிரி இருக்கிறது என்று எழுதி, சிரிக்கிற பொம்மை மூன்று போட்டிருந்தான். அவனுக்கு நாற்பது பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் வேறு பேரில் ஒரு கணக்கு திறந்து அவனோடு மல்லுக்கு நின்றேன். நீ பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய்.

வியாழக்கிழமை தினேஷ் அண்ணன் போன் செய்தார்.

"ஷாமி, கோவிச்சுக்காதலா. ஒன்னு கேட்கணும்."

"சொல்லுங்கண்ணே."

"கங்காணி குரல மாத்திடலாமான்னு யோசிக்கிறேன். கோலாலம்பூர்ல ஒருத்தரு இருக்காரு, குரல் குடுக்குறதுதான் அவரு தொழிலே. அதே வசனம்தான். நல்லா மிரட்டுவாரு."

"நாலு பேரு கிண்டல் பண்ணிட்டாங்கன்னுதானே?"

"அது மட்டும் இல்ல ஷாமி. சரியா ஓடுதான்னு பாக்க ஒரு நாளைக்கு முப்பது நாப்பது தடவ அவன அடிக்கிறேன். அடி வாங்குறப்போ முனகுறான். முகில் முனகுறான். என்னால முடியல."

திங்கட்கிழமை காலையில் கேம் விற்கிற தளத்துக்குக் கடைசி வடிவத்தை அனுப்பியாக வேண்டுமாம். அனுப்பிவிட்டால் வெள்ளிக்கிழமை அதுதான் வெளியாகுமாம். "அம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்லு. நீங்க சொல்றதுதான்" என்று வைத்துவிட்டார்.

அம்மாவிடம் கேட்பதா? நீ போனதிலிருந்து அம்மா உன் குரலைக் கேட்டதே இல்லை. நீ அனுப்பிய குரல் செய்திகள் எல்லாம் அம்மாவின் போனில்தான் இருந்தன. காரியம் முடிந்த மறுநாள் போனை என்னிடம் நீட்டி, "கை பட்டுடாத எடத்துல வச்சுரு" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தப் பேச்சே வீட்டில் இல்லை.

குரலை விட்டுவைத்தால்? நாளைக்கு ஏதாவது சொந்தக்காரர் வீட்டுக்குப் போவோம், அங்கே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கும், காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவின் காதில் திடுமென்று நீ கத்துவாய். யாரோ உன்னை அடிப்பார்கள். அடித்து முடித்துச் சிரிப்பார்கள். எடுத்துவிட்டால்? நீ ஒரு மணி நேரம் வேர்த்து விறுவிறுத்துக் கொடுத்தது குப்பைக்குப் போகும். நினைத்து நினைத்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் வேலை செய்யும் கிளினிக் கவுண்டரில் ஒரே நோயாளியின் பேரை மூன்று தடவை தப்பாகக் கூப்பிட்டேன். அவர் ரொம்ப நல்லவர், மூன்று தடவையும் எழுந்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா ராணி அக்காவோடு காய்கறி வாங்கப் பசாருக்குப் போயிருந்தார். முதலில் நான் மட்டும் எல்லா வசனத்தையும் கேட்டுவிடலாம் என்று உன் கணினியைத் திறந்தேன். என் லட்சணம் தெரிந்து, நேராகப் பெரட்டுக் களத்து ஓரத்திலேயே ஆரம்பிக்கிற மாதிரி ஒன்றைத் தினேஷ் அண்ணன் அனுப்பியிருந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். களத்தில் காலெடுத்து வைப்பதற்கே எனக்குப் பயம். அந்தப் பெண்ணைத் தகரக் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடக்கவிட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் ஓடியதென்று தெரியவில்லை. திரும்பினால், காய்கறிப் பையோடு அம்மா பின்னால் நிற்கிறார்.

"ஹெட்போனக் கழட்டு."

"இல்லம்மா, இது சும்மா..."

"அவன் குரல்தானே? பொடவையெல்லாம் ஒதுக்கி எடம் போட்டுக் குடுத்ததே நாந்தான்லா. எனக்குத் தெரியாதா?"

ஹெட்போன் வயரைப் பிடுங்கினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. தினேஷ் அண்ணன் சொன்னது, அந்த முனகல், திங்கட்கிழமை, எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு என்னை எழுப்பி உன் நாற்காலியில் உட்கார்ந்தார். "எத அமுக்கணும்?"

இந்த நான்கும் நடக்க, இது அடிக்க என்று காட்டினேன். நடக்கிறதை மட்டும் அமுக்கினார். அந்தப் பெண் நேராகக் களத்தின் நடுவில் போய் நின்றாள். நீ வந்தாய். "பெரட்டுக்கு நேரமாச்சு!" அம்மாவின் தோள் தூக்கிப்போட்டது. நிறுத்தப்போன என் கையைத் தட்டிவிட்டார். அடிக்கிற பொத்தான் பக்கம் அவர் விரல் போகவே இல்லை. இரண்டே அடி. அந்தப் பெண் விழுந்தாள். திரை இருட்டாகிவிட்டது.

அந்த இருட்டிலிருந்து நீ பேசினாய். கங்காணி மாதிரி இல்லை. தொண்டை கட்டி, களைத்துப்போய், வீட்டில் பேசுகிற மாதிரி.

"தோத்துட்டியா? சரி விடு. போயி சாப்பிட்டுட்டு வா. அப்புறம் பாத்துக்கலாம்."

எந்த ஊர் வில்லன் அண்ணா இப்படிப் பேசுவான்? அடித்துப் போட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்கிறான்! அன்றைக்கு நான் அலமாரிக்கு வெளியேதான் நின்றேன். இதை நீ எப்போது சொன்னாய்? கத்தி முடித்த பிறகு மெதுவாகச் சொல்லியிருக்கிறாய், எனக்குக் கேட்கவே இல்லை.

அம்மா மறுபடியும் அந்தப் பெண்ணை நடக்க வைத்தார். மறுபடியும் இரண்டு அடி. மறுபடியும் சாப்பிடச் சொன்னாய். அப்புறமும் போனார். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. நடுவில் ஒரு தடவை, "இப்படியாடா கத்துறது, தொண்டை என்னத்துக்காகும்" என்று திரையைப் பார்த்துத் திட்டினார். அவர் அழவில்லை. நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

அப்புறம் கையை எடுத்துவிட்டார். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. காலையிலிருந்து பாலில்லாத ஒரு வறக்காப்பி மட்டும்தான் குடித்திருந்தார். உனக்குத் தெரியாது, நீ போனதிலிருந்து அவருடைய சாப்பாடு என்பது அடுப்படியில் நின்றபடி இரண்டு வாய், அதுவும் நான் சண்டை போட்டால். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. "சொல்றான்ல" என்று அவரே எழுந்து போனார். தட்டு எடுத்துச் சோறு போட்டுக்கொண்டு, நெத்திலிச் சம்பாலையும் வைத்துக்கொண்டு, மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். "ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். ஊற்றினேன்.

கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "தினேஷ்கிட்ட சொல்லிரு. வேற ஆளு சொன்னா நான் கேப்பேனா?"

தினேஷ் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. "சரி ஷாமி. ஆனா அந்த முனகல மட்டும் எடுத்துடட்டா?" என்றார். எடுங்கண்ணே என்றேன். உன்னைக் கேட்காமல் செய்துவிட்டோம். கோபித்துக்கொள்ளாதே, அவரும் பாவம்.

இன்று காலை அனுப்பியாகிவிட்டது. இனி மாற்ற முடியாது. பயம் போய்விட்டதா என்று கேட்காதே, கூடிப்போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை எல்லாரும் சிரித்தால்? கேம் பாதியில் நின்றுபோனால்? முதல் தடவையே உன்னை ஜெயித்துவிடுகிற கெட்டிக்காரர்கள், நீ சொல்வதைக் கேட்காமலே கடந்து போய்விடுவார்களே என்றுகூடக் கவலையாக இருக்கிறது. இன்னொன்று கேட்கிறேன். ஐந்து வருடம் அம்மா கதவைத் தட்டித் தட்டிச் சாப்பிடக் கூப்பிட்டபோதெல்லாம் "இருங்கம்மா, வரேன்" என்றே சொன்னவன் நீ. அந்த வசனத்தை யாருக்காக எழுதினாய்?

கங்காணி விழுந்த பிறகு என்ன வருகிறது என்று தினேஷ் அண்ணன் சொல்ல மாட்டேன் என்கிறார். நீயே விளையாடிப் பார் என்கிறார். சரி, கற்றுக்கொள்கிறேன். ஒருநாள் உன்னை அடித்து வீழ்த்திவிட்டு, நீ அதற்கு அப்பால் என்ன வரைந்து வைத்திருக்கிறாய் என்று போய்ப் பார்ப்பேன். அதற்குத்தானே இவ்வளவு பாடுபட்டாய்? ஆனால் ஒன்று, அண்ணா. எவ்வளவு கெட்டிக்காரியாக ஆனாலும், அம்மா சாப்பிடாத நாளில் ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே உன்னிடம் தோற்பேன். இது சத்தியம்.

உன் ஒரே தங்கச்சி,
ஷாமினி
புலாவ் செபாங்