உள்பக்கத் தாழ்ப்பாள்

ஓடைப்பட்டி,
22.5.2002

அன்பு மகள் சொர்ணலதாவுக்கு அம்மா கஸ்தூரியம்மாள் எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருப்பதும் நலமாக இருக்க வீரபாண்டிக் கௌமாரி காவல் நிற்கட்டும். விதையில்லாத் திராட்சை வெட்டு முடிந்து கவாத்தும் ஆகிவிட்டது. பந்தல் மொட்டையாகக் கிடக்கிறது. உன் அப்பா வேலையில்லாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து என் உயிரை வாங்குகிறார்.

உன் கடிதம் வந்தது. பிரசவத்தைத் திருப்பூரிலேயே வைத்துக்கொள்கிறேன், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, வருத்தப்படாதே என்று எழுதியிருக்கிறாய். வருத்தப்படாமல் வேறென்ன செய்வேன்? தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வராவிட்டால் ஊர் நாலு பேசும், அது கிடக்கட்டும். நீ பெறும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டாமா? ஆஸ்பத்திரி சின்னமனூரிலும்தான் இருக்கிறது. உன் காரணம் அது இல்லை. உன்னைப் பெற்றவளிடமே கதை விடாதே.

இதைப் போனில் கேட்டிருப்பேன். நம் தெரு பூத்துக்காரர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு காதை மட்டும் நம் பக்கம் வைத்திருப்பார். இந்தப் பேச்சை அங்கே நின்று பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். போன வாரம் உன் மாமியார் சண்முகத்தாய் அத்தை இங்கே வந்துபோனதை உன்னிடம் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன்.

தலைத்தீபாவளிக்கு வந்தபோது நீ காலையில் காப்பி வேண்டாம் என்றாய். கறிச்சோறு தின்றுவிட்டுத் தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்தாய். பகலில் ஓடைப் பக்கம் ஒதுங்க முடியாது, இருட்டுகிற வரை அடக்க வேண்டும், அதற்குக் குடிக்காமலே இருந்துவிடலாம் என்று இருந்தாய். பிறகு குளிர்க்காய்ச்சல் வந்து சின்னமனூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நர்சம்மா என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "கல்யாணமான பிள்ளையத் தண்ணி குடிக்க விடாம வச்சிருக்கீகளே, நீர்த்தாரையெல்லாம் புண்ணாக் கெடக்கு" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். உன் அப்பா கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதே மனுஷன் மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். நீ முழுகாமல் இருக்கிறாய் என்று தெரிந்ததும் மாசி மாதத்திலேயே ஆட்டுத்தொழுவத்தைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கொத்தனார் கருத்தக்கண்ணனைக் கூட்டிவந்து அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டச் சொன்னார். ஆமாம் தாயி, நம் வீட்டில் கக்கூஸ் கட்டியாகிவிட்டது. சும்மா இல்லை, குமிழை அமுக்கினால் தண்ணீர் தானாக இறங்குகிற பிளஷ் கக்கூஸ். கால்களைத் தொங்கப்போட்டு உட்காருகிற நாற்காலிக் கோப்பை. மாசமாக இருப்பவள் குந்தி எழுந்திருக்கக் கூடாதாம், கடைக்காரர் சொன்னாராம். உன்னிடம் மூச்சு விடக் கூடாது, வளைகாப்பு முடிந்து கூட்டி வரும்போது நீயே பார்க்க வேண்டும் என்று எனக்குக் கட்டளை. நானும் மடைச்சி மாதிரி வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தைப் பார்த்த பிறகு இனி எதற்குப் பொத்த வேண்டும்?

கோப்பையைத் தேனியில் வாங்கி, வேட்டியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்திருக்கிறார். வண்டியில் மேலே போட்டால் உடைந்துவிடுமாம். அது என்ன மாமா, அம்மன் சிலையா என்று கண்டக்டர் கேட்டிருக்கிறார். "எம் மகளுக்குச் சீரு" என்றாராம் இவர். அதைக் கேட்டு ஒரு பொம்பளை எழுந்து கும்பிட்டாளாம்.

கட்டி முடித்த அன்றைக்குத் தெருவே திரண்டுவிட்டது. கருத்தக்கண்ணன் குமிழை அமுக்கினார். தண்ணீர் இரைச்சலோடு இறங்கியதும் பொம்பளைகள் எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்து நானும் ஒரு அமுக்கு என்று அமுக்கினார்கள். நம் மாரீஸ்வரி "சுருளி அருவிக்குப் போக இனிமே பஸ்ஸு ஏறவேணாம்டி" என்றாள். மேல்தொட்டி காலியாகிற வரை விடவில்லை.

அதோடு சரி. அன்றைக்குச் சாயந்தரமே உன் அப்பா கதவுக்கு வெளியே ஒரு பெரிய பூட்டைப் போட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். ஏன் என்று கேட்டேன். ஆளாளுக்குப் புழங்கினால் நீ வருவதற்குள் குழி நிறைந்துவிடுமாம். ஒரு குடும்பம் புழங்கினால் பல வருஷத்துக்கு நிறையாது என்று கருத்தக்கண்ணன் தலையில் அடித்துச் சொன்னார். "அவன் கட்டுறவன், அவனுக்கு என்ன தெரியும்" என்றார் இவர். பிள்ளைக்கென்று கட்டியது, அவள்தான் முதலில் புழங்க வேண்டும் என்று ஒரே பிடி. வீட்டுக்குப் பின்னால் பளபளவென்று கக்கூஸ் நிற்கிறது, நான் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போகிறேன். பார்க்கிறவள் எல்லாம் சிரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இவருக்கு ஒரு வாரம் ரசம் மட்டும்தான் வைத்தேன். ருசியாக இருக்கிறது என்று இரண்டு தரம் வாங்கிக் குடித்தார்.

உன் கடிதம் வந்த மறுநாள் வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது, உன் அத்தை இறங்குகிறார்கள். வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்தவர்கள் அப்படியே எட்டிப் பார்க்க வந்தார்களாம். மோர் குடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் நெளிய ஆரம்பித்தார்கள். பிறகு என் காதுக்குள், "மதினி, ஒதுங்க எங்கன போகணும்?" என்று கேட்டார்கள். நட்ட நடு மதியம். உன் அப்பா தோட்டத்தில், சாவி அவர் இடுப்பில்.

பெருமையாகப் பின்பக்கம் கூட்டிப்போனேன். பூட்டைப் பார்த்ததும் உன் அத்தை முகம் சுருங்கிவிட்டது. இவர்களை ஓடைக்கு அனுப்பினால் நீ இந்த வாசலை மிதிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாவி தொலைந்துபோனது மதினி என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு அம்மிக் குழவியைத் தூக்கி வந்து ஓங்கி ஒரு போடு போட்டேன். பூட்டு தெறித்து முருங்கை மரத்தடியில் விழுந்தது.

கதவைத் திறந்தால் எனக்கே திகைப்பு. தண்ணீர்த் தொட்டிக்குச் சந்தனம், குங்குமம். கம்பெனிச் சீட்டுக்கூடக் கிழிக்காத வாளி, கோப்பை. பிரிக்காத சோப்பு. ஒரு தூசி இல்லை. குமிழை அமுக்கினால் தண்ணீர் நன்றாக இறங்குகிறது. தினமும் காலையில் இவர் சாவியோடு பின்னால் போவதைப் பார்த்து, ரகசியமாகப் புழங்குகிறார் என்று நினைத்து மனதுக்குள் திட்டியிருக்கிறேன். துடைத்து, தண்ணீர் நிரப்பி, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கத் தோட்டத்துக்கே போயிருக்கிறார்.

உன் அத்தை வெளியே வந்து முகம் கழுவிக்கொண்டு என் கையைப் பிடித்தார்கள். "மறைக்காமச் சொல்றேன் மதினி, இது இருக்கான்னு பாக்கத்தான் வந்தேன். எம் மருமக வாய விட்டுச் சொல்லமாட்டா. நான் இதுக்குப் பயந்தே அவள அனுப்பல. இனிமே தாராளமாக் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். உன்னைப் பற்றி இவ்வளவு யோசிக்கிற மாமியார் கிடைத்திருக்கிறார்கள். நன்றாக வைத்துக்கொள்.

அவர்களை அனுப்பிவிட்டு நான் உள்ளே போனேன். உனக்கென்று வைத்ததை நான் முதலில் புழங்கிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. தாழ்ப்பாளை உள்ளே போட்டேன். யாரும் வருகிறார்களா என்று பார்க்க வேண்டியதில்லை. மோட்டார் வண்டி வெளிச்சம் அடித்தால் பாதியில் எழுந்து நிற்க வேண்டியதில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. நன்றாக அழுதேன். பிறகு குமிழை அமுக்கிவிட்டு வந்தேன்.

உனக்கு மூத்தது ஒன்று தங்காமல் போனது உனக்குத் தெரியும். ஏழாம் மாதம், ஐப்பசி மழையில் ஓடைக்கரையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறேன். விடியாத நேரத்தில், அந்த மழையில், நிறைவயிற்றுக்காரி எதற்கு ஓடைக்கரைக்குப் போனாள் என்று நீ கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. உன் அப்பாவும் நானும்கூட அதைப் பேசிக்கொண்டதில்லை.

சாயந்தரம் அவர் வந்தார். உடைந்த பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று நானும் நாலு பேச்சைத் தயாராக வைத்திருந்தேன். அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். "இது அப்பவே இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மறுநாள் கருத்தக்கண்ணனைக் கூப்பிட்டு வெளிப்பக்கம் பூட்டு மாட்டுகிற கொண்டியையே பிடுங்கச் சொல்லிவிட்டார். இப்போது உள்பக்கத் தாழ்ப்பாள் மட்டும்தான்.

ஆனியில் வளைகாப்பு. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு நாங்கள் வருகிறோம், உன்னைக் கையோடு கூட்டி வருகிறோம். மறுபேச்சு இல்லை. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். நீயும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இந்த வீட்டுக்குள் நடந்து வர வேண்டும், எனக்கு அது போதும். உனக்குப் புதுச் செம்பு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், குடிப்பதற்கு. பஸ் ஏறும்போதிருந்தே வயிறு நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டு வா தாயி.

உன் வரவை எதிர்பார்த்து நிற்கும்,
அம்மா
கஸ்தூரியம்மாள்